மழுங்கிய வீல் நட்டும் முட்டுக் கொடுத்த ஜாக்கியும்: முப்பரிமாணத் திருப்புத்திறன், ஒரு நிகழ்வு ஆய்வு

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கோடை மதியம் ஒன்றில், என் காரின் முன்பக்க இடது டயர் பஞ்சர் ஆனது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, காரோடு வந்த எல் வடிவ வீல் ஸ்பேனரும் இருந்தது. சக்கரத்தில் நான்கு நட்டுகள். எம்12 மரை, 19 மில்லிமீட்டர் அறுகோணத் தலை. மூன்று நட்டுகள் கையால் அழுத்தியதிலேயே இளகிவிட்டன. மேலே இருந்த நான்காவது அசையவில்லை. அதற்கு முந்தைய மாதம் ஒரு டயர் கடையில் ஏர் கன்னால் முடுக்கியது. தேவைக்கு மேல் முடுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

கையால் முடியாததால் ஸ்பேனர் பிடியின் நுனியில் கால் வைத்து மிதித்தேன். முதல் மிதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மிதியில் ஸ்பேனர் நட்டைவிட்டு எகிறியது, முழங்காலுக்குக் கீழே ரிம் கிழித்தது. குனிந்து பார்த்தால் நட்டின் ஆறு முனைகளில் இரண்டு தேய்ந்து வழவழவென்று இருந்தன. நட் திரும்பவே இல்லை.

அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த பஞ்சர் கடையிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். இறுக்கமான சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் தட்டி நட்டில் ஏற்றினார். அப்புறம் அவர் செய்ததுதான் இந்த ஆய்வுக்கே காரணம். என் ஜாக்கியை எடுத்து, ஸ்பேனர் வளையும் இடத்துக்கு நேர் அடியில் வைத்து, அது கம்பியைத் தொடும் வரை ஏற்றினார். "மிதிக்கிறதுக்கு முன்னாடி முட்டுக் கொடுக்கணும் சார். இல்லேன்னா வாய் தூக்கிக்கும், முனை போயிரும்" என்றார். பிடியில் ஏறி நேராகக் கீழே அழுத்தினார். ஒரு கிறீச் சத்தம், நட் இளகிவிட்டது.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லித்தருகிறவன். திருப்புத்திறன், அதாவது ஒரு விசை பொருளைத் திருப்பும் திறன், "விசை பெருக்கல் தூரம்" என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தச் சூத்திரப்படி பார்த்தால் என் மிதிக்கும் அவர் மிதிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால், கணக்கில் என் மிதிதான் கொஞ்சம் அதிகம் வரும். அப்படியானால் ஜாக்கி என்ன செய்தது? வீட்டுக்கு வந்து ஸ்பேனரை அளந்து முழுக் கணக்கையும் வெக்டரில், அதாவது அளவோடு திசையையும் சேர்த்து, போட்டபோதுதான் விடை கிடைத்தது.

அளந்தவை

முதலில் அச்சுகள். சக்கரத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். நட்டிலிருந்து என்னை நோக்கி வரும் திசை எக்ஸ், என் வலப்பக்கம் ஒய், மேல்நோக்கி இசட். இந்த வரிசை வலக்கை விதிக்குப் பொருந்துகிறதா என்பதை ஆரம்பத்திலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வலக்கை விரல்களை ஒய்யிலிருந்து இசட் பக்கம் மடக்கினால் கட்டைவிரல் என்னை நோக்கி நீள்கிறது, அதாவது எக்ஸ் திசையில். சரி. இதைத் தப்பாக வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாக் குறிகளும் தலைகீழாகும்.

ஆதிப்புள்ளி, ஸ்பேனர் வாய்க்குள் இருக்கும் நட்டின் மையம். அங்கிருந்து கம்பி நேராக வெளியே 10 சென்டிமீட்டர் வந்து வளைகிறது. வளைவிலிருந்து பிடியின் நுனி வரை 30 சென்டிமீட்டர். அறுகோண நட்டில் ஸ்பேனரை 60 பாகைக்கு ஒரு நிலையில்தான் மாட்ட முடியும். அன்று பிடி என் இடப்பக்கம் நீண்டு, கிடைமட்டத்துக்கு 30 பாகை மேலே நின்றது. ஆகவே மிதித்த இடத்தின் நிலை வெக்டர், மீட்டரில்:

நி = (0.10, −0.26, 0.15)

அடுத்து விசை. அதே உயரத்தில் ஒரு முக்காலி போட்டு, எடை பார்க்கும் மெஷினை அதன்மேல் வைத்து, அதே மாதிரி மிதித்துப் பார்த்தேன். 51 கிலோ காட்டியது. 9.8-ஆல் பெருக்கினால் 500 நியூட்டன். ஆனால் மெஷின் காட்டுவது செங்குத்துக் கூறை மட்டுமே. கால் நேராக இறங்கவில்லையே. மனைவியிடம் போனைக் கொடுத்து முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுக்கச் சொன்னேன். பாதத்திலிருந்து இடுப்பு 50 சென்டிமீட்டர் மேலே, 10 சென்டிமீட்டர் என் பக்கம், 6 சென்டிமீட்டர் வலப்பக்கம் இருந்தது. இடுப்பையும் பாதத்தையும் சேர்க்கும் கோட்டின் வழியாகத்தான் விசை இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன். தோராயம்தான், ஆனால் இந்த வேலைக்குப் போதும். 50-க்கு 500 என்றால் 10-க்கு 100, 6-க்கு 60. எல்லாம் இடுப்பிலிருந்து பாதத்தை நோக்கி, அதாவது எதிர்த் திசைகளில்:

வி = (−100, −60, −500)

இதன் மொத்த அளவு 513 நியூட்டன். மாணவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இந்த விசையை எழுதுவதுதான். அடுத்து வரும் குறுக்குப் பெருக்கம் வெறும் கூட்டல் கழித்தல். ஒரு கம்பியோ கயிறோ காலோ எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போகிறது என்று பார்த்து, அந்தத் திசையின் விகிதத்தில் விசையைப் பிரிப்பது பழக வேண்டிய வேலை.

குறுக்குப் பெருக்கம்

விசையின் திருப்புத்திறன் தி = நி × வி. பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகம் இதையே திருப்பு விசை என்கிறது. எனக்குத் திருப்புத்திறன் என்ற பெயர்தான் பிடிக்கும். இது விசை அல்ல, இதன் அலகு நியூட்டனும் அல்ல, நியூட்டன் மீட்டர்.

இரண்டு வெக்டர்களின் எண்களையும் வரிசையாக அடுக்கிய கட்டத்தை, அதாவது அணிக்கோவையை, விரித்தால் மூன்று வரிகள் வரும். ஒவ்வொரு கூறிலும் அந்தந்த அச்சின் எண்கள் இடம்பெறாது, மற்ற இரண்டு அச்சுகளின் எண்கள் குறுக்காகப் பெருகும். இதை நினைவில் வைத்தால் மனப்பாடம் தேவையில்லை.

எக்ஸ் கூறு: (−0.26 × −500) − (0.15 × −60) = 130 + 9 = 139
ஒய் கூறு: (0.15 × −100) − (0.10 × −500) = −15 + 50 = 35
இசட் கூறு: (0.10 × −60) − (−0.26 × −100) = −6 − 26 = −32

தி = (139, 35, −32) நியூட்டன் மீட்டர்.

நடுவரியில் கவனம் வேண்டும். அணிக்கோவையை விரிக்கும்போது நடுவில் வரும் கழித்தல் குறியை விட்டுவிடுவதுதான் விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை. நான் மேலே இசட்–எக்ஸ் வரிசையில் எழுதியதால் அந்தக் கழித்தல் உள்ளேயே அடங்கிவிட்டது.

இப்போது எண்களைப் படிப்போம். எக்ஸ் திசை நட்டின் அச்சு. அந்தக் கூறு நேர்க்குறியில் 139. வலக்கைக் கட்டைவிரல் என்னை நோக்கி நீண்டால் விரல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கின்றன, அதாவது நட் இளகும் திசையில். சிறிய கார்களில் வீல் நட்டைப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரைதான் முடுக்குவார்கள். 139 என்பது குறைவான எண்ணே அல்ல.

மீதி இரண்டு கூறுகள்? 35-ம் −32-ம் நட்டை அணுவளவும் திருப்பாது. அவை நட்டின் அச்சுக்குச் செங்குத்தானவை. ஸ்பேனரை நட்டின்மேல் சாய்க்க முயல்வதுதான் அவற்றின் வேலை. இரண்டையும் சேர்த்தால், 35-இன் வர்க்கமும் 32-இன் வர்க்கமும் கூட்டி மூலம் எடுத்தால், 47. பஞ்சர் கடை அண்ணன் "வாய் தூக்கும்" என்றாரே, அது இந்த 47. திருப்புத்திறன் வெக்டரை அம்பாக வரைந்தால், நட்டின் அச்சிலிருந்து 19 பாகை சாய்ந்து நிற்கும்.

"விசை பெருக்கல் தூரம்" என்று போட்டவனுக்கு இந்த 47 கண்ணிலேயே படாது. தாளில் வரையும் இருபரிமாணப் படத்தில் எல்லாத் திருப்புத்திறனும் தாளுக்குச் செங்குத்தாகவே இருக்கும். அங்கே திசை என்றால் வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டே. முப்பரிமாணத்துக்கு வந்ததும் அது எந்தப் பக்கமும் சாயலாம், சாய்ந்த பகுதி ஏதாவதொன்றை உடைக்கலாம்.

47 நியூட்டன் மீட்டர் நட்டை என்ன செய்யும்

நட் ஸ்பேனர் வாய்க்குள் இறங்குவது ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் ஆழம். சாய்வைத் தடுக்க வேண்டுமானால் வாயின் விளிம்பில் ஒரு பக்கமும், ஆழத்தில் எதிர்ப் பக்கமுமாக இரண்டு விசைகள் அழுத்தியாக வேண்டும். 47-ஐ 0.015-ஆல் வகுத்தால் ஒவ்வொன்றும் 3100 நியூட்டனுக்கு மேல். 300 கிலோவுக்கும் அதிகமான எடையை நட்டின் ஒரு விளிம்பில் வைத்தது போல.

இதோடு திருப்பும் கூறின் சுமையும் இருக்கிறது. 19 மில்லிமீட்டர் அறுகோணத்தில் மையத்திலிருந்து முனை வரை 11 மில்லிமீட்டர். ஆனால் ஸ்பேனர் முனையை அழுத்துவது அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அல்ல, நட்டின் பக்கத்துக்குச் செங்குத்தாக. அந்த அழுத்தத்தின் திசைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே 30 பாகை. சைன் 30 அரை. ஆகவே திருப்பப் பயன்படும் தூரம் 5.5 மில்லிமீட்டர்தான். 139 நியூட்டன் மீட்டரை ஆறு முனைகளும் சமமாகப் பகிர்ந்தாலும் ஒன்றுக்கு 4200 நியூட்டன் வரும். ஸ்பேனர் சாய்ந்துவிட்டால் சமப் பகிர்வு ஏது? ஒன்றிரண்டு முனைகள், அதிலும் அவற்றின் வெளி விளிம்பு மட்டும், மொத்தத்தையும் தாங்க வேண்டும். என் நட்டில் தேய்ந்திருந்ததும் இரண்டு முனைகள், வெளி விளிம்பில்.

வேறு மாதிரி மிதித்திருக்கலாமா?

இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தது. சக்கரத்தின் பக்கம் சாய்த்து மிதித்ததால் வந்த வினை என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால் நேர் செங்குத்தாக மிதித்ததாக வைத்துக் கணக்குப் போட்டேன். வி = (0, 0, −500). விடை (130, 50, 0). சாய்க்கும் கூறு 47-இலிருந்து 50 ஆகிவிட்டது! குறையவில்லை, கூடியது.

கால் விசையின் திசையை மாற்றி மாற்றிப் போட்டும் சாய்வு பூச்சியத்துக்கு வரவில்லை. பிறகுதான் குறுக்குப் பெருக்கத்தின் அடிப்படைப் பண்பு நினைவுக்கு வந்தது. தி எப்போதும் நி-க்குச் செங்குத்து. விசை எதுவானாலும் சரி. செங்குத்தான இரண்டு வெக்டர்களின் ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டினால், அதாவது புள்ளிப் பெருக்கம் எடுத்தால், பூச்சியம் வரும். என் எண்களிலேயே எடுத்துப் பாருங்கள்:

(0.10 × 139) + (−0.26 × 35) + (0.15 × −32) = 13.9 − 9.1 − 4.8 = 0

திருப்புத்திறன் முழுவதும் நட்டின் அச்சிலேயே இருக்க வேண்டுமானால் அது (தொகை, 0, 0) என்ற வடிவில் இருக்கும். அதை நி-யோடு புள்ளிப் பெருக்கினால் 0.10 × தொகை. இது பூச்சியமாக வேண்டும் என்றால் தொகையே பூச்சியமாக வேண்டும். அதாவது, 10 சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும் ஒரு பிடியில், ஒற்றை விசையை வைத்து, சாய்க்காமல் திருப்பவே முடியாது. எவ்வளவு திறமையாக மிதித்தாலும் முடியாது.

குறைந்தபட்சச் சாய்வு எவ்வளவு என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. தள்ளியிருக்கும் தூரத்தைப் பிடி நீளத்தால் வகுத்தால் 10-க்கு 30, மூன்றில் ஒரு பங்கு. 139 திருப்ப வேண்டுமானால் குறைந்தது 46 சாய்த்தே ஆக வேண்டும். என் மிதி 47. கிட்டத்தட்ட இருக்கக்கூடியதிலேயே நல்ல மிதிதான் அது. தப்பு காலில் இல்லை. அந்தக் கருவியை அந்த விதத்தில், ஒற்றை விசையால், பயன்படுத்தியதில் இருந்தது.

ஒரு குழாயைப் பிடியில் செருகி 60 சென்டிமீட்டராக நீட்டினால் விகிதம் ஆறில் ஒன்றாகக் குறையும். லாரிக்காரர்கள் குழாய் போடுவது பலத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். நட்டின் முனைக்கும் அது நல்லது. ஆனால் கழற்ற மட்டும். குழாய் போட்டு முடுக்கினால் மரையே போய்விடும்.

ஜாக்கி செய்தது

இப்போது அண்ணனின் முட்டுக்கு வருவோம். அவர் நேராகக் கீழே அழுத்தினார். அதே 500 நியூட்டன், அதே இடம் என்று வைத்துக்கொண்டால் காலின் திருப்புத்திறன் (130, 50, 0). ஜாக்கி வளைவுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி 500 தாங்குகிறது. வளைவின் நிலை வெக்டர் (0.10, 0, 0), விசை (0, 0, 500). குறுக்காகப் பெருக்கினால் (0, −50, 0). இரண்டையும் கூட்டினால்:

(130, 50, 0) + (0, −50, 0) = (130, 0, 0)

சாய்வு முழுக்கப் போய்விட்டது. திருப்பும் 130-இல் ஒரு துளியும் குறையவில்லை, காரணம் வளைவு நட்டின் அச்சின் மேலேயே இருக்கிறது. அச்சின் மேல் செயல்படும் விசைக்கு அந்த அச்சைச் சுற்றித் திருப்பும் கூறு கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. நட் திரும்பும்போது பிடி சுற்றும், ஆனால் வளைவு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் ஜாக்கியை நகர்த்த வேண்டியதே இல்லை. எத்தனை வருஷ அனுபவம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்!

கால் 500 கீழே, ஜாக்கி 500 மேலே. விசைகளின் கூடுதல் பூச்சியம், திருப்புத்திறன் மட்டும் மிச்சம். இதற்குப் பெயர் இரட்டை. 1803-இல் லூயி புவான்சோ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிலையியல் பற்றிய தன் நூலில் இதைத் தனிப் பொருளாக எடுத்து நிறுத்தினார். நாம் போடும் × குறியும் குறுக்குப் பெருக்க முறையும் அதற்கு ரொம்பப் பின்னால், 1881-இல் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் கிப்ஸ் என்ற இயற்பியல் அறிஞர் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட குறிப்புகளில் வந்தவை. குறியீடு வருவதற்கு முன்பே இரட்டையின் உண்மை தெரிந்திருந்தது.

பிளஸ் ஸ்பேனர் இதே இரட்டையை இரண்டு கையாலும் கொடுக்கிறது. நட்டிலிருந்து குறுக்குக் கம்பி 18 சென்டிமீட்டர் வெளியே, கைகள் இருபுறமும் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடக்கை 300 நியூட்டன் கீழே: (60, 54, 0). வலக்கை 300 மேலே: (60, −54, 0). கூட்டினால் (120, 0, 0). 18 சென்டிமீட்டர் என்ற எண் விடையில் எங்குமே இல்லை. இரட்டையில் இரண்டு கைகளுக்கும் இடையிலான வெக்டர்தான் கணக்கில் வரும். நட் எங்கே இருக்கிறது என்பது வராது. எந்தப் புள்ளியைச் சுற்றிக் கேட்டாலும் அதே விடை.

ஒற்றை விசைக்கு அப்படி இல்லை. என் மிதியையே நட்டுக்குப் பதில் சக்கரத்தின் மையத்தைச் சுற்றிக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த நட் மையத்துக்கு 5 சென்டிமீட்டர் மேலே இருந்தது. (0, 0, 0.05)-ஐ விசையோடு குறுக்காகப் பெருக்கினால் (3, −5, 0). முன் விடையோடு கூட்டினால் (142, 30, −32). சக்கரத்தையே சுழற்றப் பார்ப்பது இந்த 142. டயர் தரையில் அழுந்தியிருந்தால் உராய்வு அதைத் தாங்கிக்கொள்ளும். வண்டியை ஜாக்கியில் தூக்கிய பிறகு நட்டைக் கழற்றப் போனால் முன்சக்கரம் கூடவே சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியவும் கூடும். நட்டை முதலில் இளக்கிவிட்டு அப்புறம் தூக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். என் மாணவர்களிடம் "திருப்புத்திறன் என்ன?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எந்தப் புள்ளியைச் சுற்றி?" என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

பின்னர்

மழுங்கிய நட்டை மாற்றிவிட்டேன். புதியதை, குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கினேன். என் காரின் கையேட்டில் 100 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. 40 சென்டிமீட்டர் பிடியில் 250 நியூட்டன் போதும். ரிம் குழிவாக இருப்பதால் நடுவில் 12.5 சென்டிமீட்டர் நீட்டிப்புக் கம்பி போட்டிருந்தேன், ஆக முட்டு இல்லாவிட்டால் 31 நியூட்டன் மீட்டர் சாய்வு வந்திருக்கும். நீட்டிப்பைக் கழற்றிவிட்டு 5 சென்டிமீட்டர் ஆழச் சாக்கெட் மாட்டியபோது அது 12.5-ஆக இறங்கியது. மிச்சத்துக்கு இடது உள்ளங்கையை ரெஞ்சின் தலைக்கு அடியில் கொடுத்து, வலக்கையால் அழுத்தினேன். 'டிக்' என்றது.